நான் கைநாட்டு வைக்காத நாள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது மூன்று. மகள் வயிற்றுப் பேத்தி நித்யாவையும் சேர்த்தால் வளர்த்ததும் நான்குதான். அவளை விட்டுவிட்டுச் சொன்னால் கோபம் வரும். நான் கோணல்மாணலாக எழுதித் தருவதைப் போனில் ஏற்றிப் பத்திரிகைக்கு அனுப்புகிறவள் அவள் என்பதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் குழாயடிச் சண்டைகளை எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் சொல்லி அனுப்பினார்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை.

அன்றைக்கு நல்ல வெயில். செம்பூர்ப் பக்கம், மாடியில், பத்திரம் பதிகிற ஒரு ஆபீஸ். மேலே மின்விசிறி சுற்றியது, காற்று கீழே வரவில்லை. பெஞ்சில் நாங்கள் நான்கு பேர். நான், என் மூத்தவன் செல்வராஜ், பெண்கள் சந்திராவும் பேச்சியும். சந்திராவைக் காட்கோபரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. பேச்சி இளையவள். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் கைக்குழந்தையோடு வந்தவள், அன்றுமுதல் என்னோடுதான் இருக்கிறாள். அந்தக் கைக்குழந்தைதான் நித்யா.

எங்களுக்கு முன்னால் ஒரு மராத்திக் கிழவி. பச்சைச் சேலையைக் கச்சம் வைத்துக் கட்டியிருந்தாள். இரண்டு பக்கமும் மகன்கள் நின்றார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவளிடம், "ஆஜி, அங்கூட்டா கீ சஹி?" என்று கேட்டார். பாட்டி, கைநாட்டா கையெழுத்தா என்று அர்த்தம்.

"அங்கூட்டா" என்றாள் கிழவி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

உடனே அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு முதலிலிருந்து மராத்தியில் வாசிக்க ஆரம்பித்தார். கைநாட்டு வைப்பவருக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம். வரிசை அப்படியே நின்றது. கிழவி காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டாள். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். "மாஜா ஹிஸ்ஸா?" என்றாள். என் பங்கு எங்கே என்று கேட்கிறாள். அவர் மறுபடி அந்த வரியை வாசித்தார். அவள் எழுந்துவிட்டாள். மகன்கள் கையைப் பிடித்தார்கள், கெஞ்சினார்கள். அவள் வெளியே போய் நடையில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து மிஸ்ரிப் பொட்டலத்தை, வறுத்த புகையிலைத் தூளை, எடுத்துப் பல்லில் தேய்க்க ஆரம்பித்தாள்.

நான் செல்வராஜ் காதில் சொன்னேன்: "படிக்காத சனம். ஒரு காரியத்தை ஒழுங்கா முடிக்கத் தெரியுதா பாரு."

அவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

ரூம் வந்த வழி

அந்தப் பத்திரம் நாங்கள் இருக்கிற வீட்டுக்கு. எங்களுக்கு அது ரூம். இப்போது மூன்றாம் மாடியில், தனிக் கக்கூஸ், சமையல் மேடை எல்லாம் இருக்கிறது, ஆட்கள் பிளாட் என்கிறார்கள். எங்கள் வாயில் ரூம்தான் வரும்.

கல்யாணமாகி நான் தாராவிக்கு வந்தபோது அந்த இடத்தில் பலகைச் சுவரும் தகரக் கூரையும்தான். என் வீட்டுக்காரர் ரயில்வே கேன்டீனில் சமையல். நான் தையல் கடைகளிலிருந்து துணி மூட்டை வாங்கிவந்து தாகா வெட்டுவேன். தைத்த சட்டையில் தொங்கும் நூலையெல்லாம் நறுக்கிக் கொடுக்கும் வேலை. பிள்ளைகள் நூல் குப்பைமேல் தூங்கி வளர்ந்தார்கள். மழைக்காலத்தில் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் வந்துவிடும், பாத்திரம் மிதக்கும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. டிங், டிங் என்று அலுமினியம் இடித்துக்கொள்ளும்.

இரண்டாவது பையனை நாங்கள் வளர்க்க முடியாமல் போனது அப்படி ஒரு மழையில்தான். அதை நான் எழுதப் போவதில்லை.

பிறகு பில்டர் வந்தான், இடித்தான். வெகுநாள் தகரக் கொட்டகையில் வாடகைக்குக் கிடந்தோம். கடைசியில் கட்டிடம் எழும்பிச் சாவி கையில் வந்தது. என் வீட்டுக்காரர் அந்தச் சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் படியேறி இறங்கினார், சும்மாவே. "மூணு மாடி ஏறினாலும் தண்ணி உள்ள வராது பாத்துக்கோ" என்றார்.

கட்டிடத்துச் சொசைட்டியில் ரூம் அவர் பெயரில் இருந்தது. நாமினி என்று என் பெயரைப் போட்டார். அவர் இறந்தபோது எனக்கு ஒரே ஆறுதல் அந்தச் சொல். நாமினி. அது நான்தான் இனி சொந்தக்காரி என்று சொல்கிற சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சியிடம் சொல்லியும் வைத்திருந்தேன். "ஏட்டி, எனக்குப் பெறவு இந்த ரூம் ஒனக்கும் ஒம் பிள்ளைக்கும். ஒன்னய எவனும் வெளிய போன்னு சொல்ல முடியாது." அவள் அதை நம்பித்தான் இருந்தாள். ஒரு டப்பா வாங்கினாலும் எந்த மூலையில் வைப்பது என்று யோசித்துத்தான் வாங்குவாள்.

சீப்பு, பாம்பு, ஏணி

இனி என் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதை புரியாது.

எனக்கு எழுத்தறிவு இல்லாத காலம். செல்வராஜை இங்கிலீஷ் பள்ளியில் போட்டிருந்தோம். மார்க் அட்டையில் அவன் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஷிப்டில் இருந்தார். நான் கட்டைவிரலில் மையைத் தடவி வைத்து அனுப்பினேன். வகுப்பில் பையன்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அவன் பையை வீசிவிட்டு அழுதான்.

அழுது முடித்துவிட்டு அவனே சிலேட்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தான். என் பெயர் இசக்கி. அதை இங்கிலீஷில் எழுத்து எழுத்தாகப் பிரித்தான். "மொத எழுத்து சீப்பும்மா. மூணு பல்லு. அடுத்து பாம்பு. அப்பறம் ஏணி, நடுவுல ஒரு படி. அதுக்கப்பறம் ரெண்டு பேரு நிக்காவ பாரு, கையையும் காலையும் நீட்டிக்கிட்டு. கடைசில கம்பு."

என் கையைப் பிடித்துப் பிடித்து வரைய வைத்தான். பாம்பு எனக்கு எப்போதும் எதிர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். "பாம்பு உன்னயப் பாக்கக் கூடாதும்மா, அந்தப் பக்கம் பாக்கணும்" என்பான். சின்னக் கை, பிஸ்கட் வாசனை அடிக்கும்.

அதன் பிறகு நான் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை. ரேஷன் கடையில், பேங்கில், மகளிர் மண்டலில், எங்கேயும் பேனாவைக் கேட்டு வாங்குவேன். தமிழ் எழுத்து நான் கற்றது அதற்கும் பின்னால், பேச்சியின் பள்ளிப் புத்தகத்தைப் பார்த்து. எனக்கு முதலில் கையெழுத்து வந்தது, எழுத்து பின்னால்தான் வந்தது. எங்கள் சால் வரிசை வீடுகள் முழுவதிலும் என் வயதுப் பெண்களில் இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிறவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

நம்ம பேரு

வீட்டுக்காரர் இறந்து கொஞ்ச காலம் கழித்துச் செல்வராஜ் வந்து சொன்னான்: "அம்மா, ரூம் இன்னும் அப்பா பேருலயே கெடக்கு. மாத்தணும். ஒரு பேப்பர் பண்ணணும், ஹக் சோட்."

ஹக் என்றால் உரிமை. சோட் என்றால் விடு. இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அது தெரியாதா? பிள்ளைகள் உரிமையை விட்டுக் கொடுத்தால்தான் தாய் பெயருக்கு வரும், அதுதான் முறை என்று நானாக நினைத்துக்கொண்டேன். நாமினி நான்தானே.

"தங்கச்சிமாரும் வரணுமாலே?" என்று கேட்டேன்.

"ஆமா, எல்லாரும் போடணும். போட்டுட்டா ரூம் நம்ம பேருக்கு வந்துரும். டென்ஷன் எடுக்காத."

நம்ம பேரு. அவன் சொன்னது அவ்வளவுதான். தமிழில் நம்ம என்றால் சொல்கிறவனும் கேட்கிறவளும் சேர்ந்துதான். சோறு ஆக்கினால் நம்ம சோறு, கோயிலுக்குக் கொடுத்தால் நம்ம வரி. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவளுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்? பத்திரத்தில் நம்ம என்று ஒரு பெயர் கிடையாது என்று எனக்கு அப்போது தெரியாது. அங்கே ஒவ்வொருவரும் தனித்தனி ஆள்.

என் முறை

பச்சைச் சேலைக் கிழவி வெளியே போய்விட்டாள். அடுத்து நாங்கள்.

காமிராவைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு சின்ன மெஷினில் விரலை வைக்கச் சொன்னார்கள். அதில் படித்தவன் படிக்காதவன் எல்லோரும்தான் வைக்கிறார்கள், அதனால் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. பிறகு காகிதம் வந்தது. அதே கேள்வி: "அங்கூட்டா கீ சஹி?"

"சஹி" என்றேன். கிழவிக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

பேனா கொடுத்தார்கள். வரைந்தேன். சீப்பு, பாம்பு, ஏணி, நிற்கிற இரண்டு பேர், கம்பு. பாம்பு சரியான பக்கம்தான் பார்த்தது. மேஜைக்காரர் அதைப் பார்த்துவிட்டு முகத்தில் ஒரு மரியாதை காட்டினார். "கபூல்?" என்று கேட்டார். சம்மதமா என்கிறார்.

"கபூல்" என்றேன்.

வாசித்துக் காட்டவில்லை. இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிறவளுக்கு எதற்கு வாசித்துக் காட்ட வேண்டும்?

சந்திரா போட்டாள். பேச்சி மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னம்மா எழுதியிருக்கு?" என்றாள்.

"நானே போட்டுட்டேன், ஒனக்கென்ன. போடுட்டி" என்றேன்.

போட்டாள்.

கீழே இறங்கிவந்ததும் செல்வராஜ் எங்களுக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தான். அவன் குடிக்கவில்லை.

கதவில் ஒட்டிய தாள்

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம், இரண்டு மழைக்காலம் போயிருக்கும். காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்த பேச்சி அப்படியே நின்றாள். கதவில் ஒரு பெரிய தாள். பசை இன்னும் காயவில்லை, கீழே ஒழுகியிருந்தது. எதிர் ரூம்காரி அவள் வாசலில் கோலம் போடுகிறாற்போல் குனிந்துகொண்டு இங்கேயே பார்த்தாள்.

பேச்சி கரண்டியை எடுத்துவந்து சுரண்டப் போனாள். நித்யா தடுத்தாள். "அம்மா, கிழிக்காத. படிக்கணும்." காலேஜுக்குக் கிளம்பி நின்றவள், பையைத் தோளில் மாட்டியபடியே படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் குறைந்துகொண்டே வந்தது.

"ஆச்சி, இது பேங்க் நோட்டீஸ். ரூமை வச்சு மாமா லோன் எடுத்திருக்காரு. கட்டல. ரூமை எடுத்துக்குவோம்னு போட்டிருக்கு."

"அது எப்படி எடுப்பான்? ரூம் என் பேருல்லா."

நித்யா மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "உங்க பேர் இல்ல ஆச்சி. மாமா பேர் மட்டும்தான் இருக்கு. ஓனர்னு."

எங்கள் உரிமையை மூன்று பேரும் அவனுக்கு விட்டுவிட்டோம் என்பதுதான் அந்தப் பத்திரம். நான், சந்திரா, பேச்சி. விட்டது நாங்கள், பெற்றது அவன்.

விக்ரோலியில் வாடகைக்கு இருக்கும் செல்வராஜுக்கு ஆள் அனுப்பினேன். இரண்டு மூன்று தடவை கூப்பிட்ட பிறகு வந்தான். உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பேச்சி டீ வைத்தாள். ஆடை கட்டும்வரை அதைத் தொடவில்லை. அவனுடைய பை தைக்கும் பட்டறை படுத்துவிட்டது. கடனை எடுத்து அதை நிமிர்த்திவிடலாம், பிறகு ரூமை என் பெயருக்கே மாற்றிவிடலாம் என்று நினைத்தானாம்.

"ஏல, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லால?"

"சொன்னா நீ போடமாட்ட."

"போட்டிருப்பேன்ல. பேச்சிக்கு ஒரு மூலைய எழுதி வச்சிட்டுப் போட்டிருப்பேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பேச்சி உள்ளேயிருந்து சொன்னாள்: "அண்ணே, உள்ளதச் சொல்லியிருந்தா அந்தக் கரும்புச் சாற நானே வாங்கித் தந்திருப்பேன்." அன்றுமுதல் அவள் அவனோடு பேசுவது இல்லை.

மாட்டுங்கா வக்கீல் சொன்னது

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் பூக்கடைகளைத் தாண்டி, காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை வரும் ஒரு சந்தில், மாடியில் ஒரு வக்கீல் அம்மா இருக்கிறார். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். நித்யாதான் விசாரித்து என்னையும் பேச்சியையும் அழைத்துப் போனாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாசகி ஒருவர், நாமினி என்றால் சொந்தக்காரி என்றுதானே அர்த்தம் என்று பத்திரிகைக்குக் கேட்டு எழுதியிருந்தார். நானும் அந்த வக்கீல் அம்மாவிடம் இதைத்தான் முதலில் கேட்டேன்.

"இல்லைம்மா" என்றார். "நாமினின்னா சொசைட்டி யார்கிட்ட பேசணும்கறதுக்கு ஒரு பேர். சாவியை வாங்கி வச்சுக்கற ஆள் மாதிரி. சொத்து வாரிசுக்குத்தான். உங்க கேஸ்ல நீங்க, பையன், ரெண்டு பொண்ணு, நாலு பேருக்கும் சம பங்கு இருந்தது."

கல்யாணம் செய்து கொடுத்த பெண்ணுக்குமா என்று கேட்டேன். அவளுக்கும்தான் என்றார். எங்கள் ஜனங்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. எனக்கு இருந்ததோ கால் பங்கு. நான் முழு ரூமையும் பேச்சிக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். கடைசியில் அந்தக் கால் பங்கையும் விட்டு, அவளுடைய கால் பங்கையும் விடவைத்துவிட்டேன்.

"அந்தப் பத்திரத்தைக் கேன்சல் பண்ண முடியாதா?"

"பதிஞ்ச ஆபீஸ்ல போய்க் கேட்டா பண்ணமாட்டா. கோர்ட்டுக்குத்தான் போகணும். தெரியாம போட்டோம், ஏமாத்தி வாங்கினான்னு நீங்க நிரூபிக்கணும். உங்க பையனுக்கு எதிரா."

"எனக்கு இங்கிலீஷும் வராது, மராத்தி படிக்கவும் வராது. அது போதாதா?"

அவர் பத்திரத்தின் நகலைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டினார். "இங்கிலீஷ்ல இவ்வளவு அழகா போட்டிருக்கேளே, அம்மா. படிக்கத் தெரியாதுன்னு சொன்னா ஜட்ஜ் எப்படி நம்புவார்? கைநாட்டா இருந்தா, வாசிச்சுக் காட்டினேன்னு ஒருத்தர் அதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அவரையாவது கூண்டில் ஏத்திக் கேட்டிருக்கலாம். இதுல யாரைக் கேக்கறது? பேங்கும் பதிஞ்ச பத்திரத்தைப் பார்த்து நம்பித்தான் கொடுத்திருக்கு. கேஸ் போடலாம். ஜெயிக்கும்னு நான் சொல்லமாட்டேன்."

அந்தப் பச்சைச் சேலைக்காரி என் கண் முன்னால் வந்தாள். மிஸ்ரி தேய்த்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல்.

போடுங்கள் என்றேன். வழக்குக்கு என்று ஒரு தாளை நீட்டிப் பேனாவைக் கொடுத்தார் வக்கீல் அம்மா. நான் பேனாவை வாங்கவில்லை. "மை இருக்கா? கைநாட்டு வைக்கேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இப்ப நீங்க கைநாட்டு வச்சா எதிர்ப் பக்கத்து வக்கீல் அதைப் பிடிச்சுப்பார். அன்னிக்கு இங்கிலீஷ்ல போட்டவா இன்னிக்கு வேஷம் போடறான்னு சொல்வார். நீங்க கையெழுத்துதான் போடணும், அம்மா."

அது கூட எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. பெயரைத் தெரிந்துகொண்ட கை, இனித் தெரியாத கையாக முடியாது.

"சரி. அப்படின்னா மொதல்ல வாசியுங்க. தமிழ்ல சொல்லுங்க. எல்லா வரியும்" என்றேன். வெளியே இன்னொரு குடும்பம் காத்திருந்தது. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து வாசித்தார். ஒவ்வொரு வரியிலும் யார், யாருக்கு என்று கேட்டேன். பேச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையில் விரலைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் சீப்பைப் போட்டேன். பாம்பைப் போடும்போது கை நின்றது. பாம்பு உன்னைப் பார்க்கக் கூடாதும்மா என்ற சத்தம் கேட்டது. அவனுக்கு எதிரான தாளில், அவன் கற்றுக்கொடுத்ததைப் போட்டு முடித்தேன்.

இப்போது

இப்போது ஒன்றும் ஆகவில்லை. கோர்ட்டில் தேதி தள்ளித் தள்ளிப் போகிறது. கதவில் இரண்டாவது தாள் வந்து, முதல் தாள்மேல் ஒட்டியிருக்கிறது. சொசைட்டிக்காரர்கள் லிப்டில் எங்களைப் பார்த்தால் போனை எடுத்துப் பார்க்கிறார்கள். பேச்சி பாத்திரங்களில் பாதியைச் சாக்கில் கட்டிவிட்டாள். ராத்திரி அவிழ்த்துச் சமைக்கிறாள், காலையில் மறுபடி கட்டுகிறாள். எங்கே போவது என்று அவளும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. கீழே மழைத் தண்ணீர் நிற்கிற நாளில், மூன்று மாடி ஏறினாலும் தண்ணீர் உள்ளே வராது என்று சொன்ன மனுஷனை நினைத்துக்கொள்கிறேன். அவர் சொன்னது சரிதான். தண்ணீர் வரவில்லை.

படிக்கிறவர்களில் என் வயதுப் பெண்கள் இருந்தால் ஒன்று சொல்கிறேன். கையெழுத்துத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதீர்கள். மகன் காத்திருக்கட்டும், வரிசை நிற்கட்டும்.

நித்யா எல்லாவற்றையும் போனில் ஏற்றிவிட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "முடிஞ்சுது ஆச்சி. கடைசில உங்க பேர் போட்டு அனுப்பிரட்டா?" என்கிறாள்.

"அதுக்குள்ள பேரப் போடாதட்டி. மொதல்லேர்ந்து வாசி. மெதுவா வாசி. யாரு யாருக்கு விட்டுக் குடுத்தான்னு வர்ற எடத்துல நிறுத்தி, ரெண்டு தடவ வாசி. நான் கேட்டுக்கிடுதேன்."